அண்ணன் கட்டிய கயிறு

1

எனக்கு இதுவரை மூன்று தடவை ஹார்ட் அட்டாக் வந்திருக்கிறது. மூன்றும் பொய். ஆனால் வந்துகொண்டிருக்கும்போது எவனாவது அதைப் பொய் என்று சொன்னால் அவனை அறையத்தான் தோன்றும்.

முதல் தடவை வந்தது வேலையில். அயர்லாந்தில் கார்க் நகரத்துக்கு வெளியே பால் டேங்கர் செய்கிற ஒரு பட்டறையில் நான் வெல்டர். டேங்கருக்குள் இறங்கி உட்கார்ந்து உள்பக்கமாகப் பற்றவைக்க வேண்டும். மெட்ராஸுக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பலுக்குள் இதைவிட இடுக்கான பொந்துகளில் எல்லாம் நுழைந்து பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பார்த்தவன் நான். அன்றைக்கு என்ன கேடு வந்ததோ, திடீரென்று கை மரத்தது. நெஞ்சின்மேல் யாரோ முழங்காலை வைத்து அழுத்தினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு எப்படியோ வெளியே வந்து சிமெண்ட் தரையில் மல்லாந்துவிட்டேன். "விஜிகிட்ட சொல்லிடுங்க, விஜிகிட்ட சொல்லிடுங்க" என்று தமிழில் கத்தினேனாம். சுற்றி நின்றவர்கள் இரண்டு ஐரிஷ்காரர்களும் ஒரு போலந்துக்காரனும். விஜி என் மனைவி என்று அவர்களுக்கு எப்படிப் புரியும்?

ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் நர்ஸ் வந்து "யூ ஆர் கிராண்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றாக இருக்கிறது என்பதற்கு இந்த ஊரில் கிராண்ட் என்பார்கள், எல்லாமே கிராண்ட்தான். மழை கொட்டினாலும் கிராண்ட், பஸ் வராவிட்டாலும் கிராண்ட். சாகக் கிடக்கிறவனைப் பார்த்தும் அதையே சொன்னால் எரிச்சல் வருமா வராதா? இதயத்துக்கு ஒன்றும் இல்லை, இது பேனிக் அட்டாக், உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். உங்கள் டாக்டராம். இங்கே ஆளுக்கொரு டாக்டரிடம் முன்கூட்டியே பெயர் பதிந்து வைத்திருக்க வேண்டும். புதிதாக ஆள் சேர்த்துக்கொள்கிற டாக்டரைத் தேடி நான் எத்தனை ரிசப்ஷன் பெண்களிடம் கெஞ்சினேன் என்பது தனிக் கதை.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணி போன் செய்தார். கௌரி அண்ணி, என் அண்ணனின் மனைவி. கல்யாணமான மகளோடு வேப்பம்பட்டில் இருக்கிறார்.

"இன்னா தம்பி, நெஞ்சு வலியாமே? அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. கேஸு. பூண்டு சுட்டுத் துன்னுட்டு ஒரு சோடா குடி."

"இங்க நம்மூரு சோடா இல்ல அண்ணி."

"சோடாவே இல்லாத ஊர்ல போய் இன்னாடா பண்ணிக்கினு கீற?"

2

அண்ணி அப்படிக் கேட்டதும் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. இதே கேள்வியை அவனும் இப்படித்தான் கேட்டிருப்பான்.

அண்ணன் பெயர் ஏழுமலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டுகிற ஒரு மில்லில் வேலை. உலையிலிருந்து சிவப்பாகப் பாய்ந்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குள் செருக வேண்டும். ஒரு நொடி தப்பினால் கால் போய்விடும். ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தச் சட்டையோடே என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்குவான். "வுடுண்ணா, நாறுது" என்று கத்துவேன். "இது டப்பு வாசனடா நைனா" என்பான்.

என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான், காசை டப்பு என்பான். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம். எங்கள் பேச்சில் பாதி அங்கேயிருந்து வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சூலூர்பேட்டைக்கு ரயில் ஏறி தெலுங்குப் படம் பார்ப்போம். ஒரு வசனம் முழுசாகப் புரியாது. எல்லோரும் விசில் அடிக்கும்போது அண்ணன் இரண்டு விசில் அதிகமாக அடிப்பான். திரும்பி வரும்போது வறுத்த வேர்க்கடலையை மடியில் கொட்டிக்கொண்டு, படத்தின் கதையை அவனாக ஒன்று சொல்லுவான். படத்தைவிட அது நன்றாக இருக்கும்.

ஐ.டி.ஐ. சேர்வதற்காக முதல் தடவை மெட்ராஸுக்குப் போன நாள். எனக்குக் கை சில்லிட்டு மார் படபடத்தது. இன்றைக்கு யோசித்தால் அதுவும் இந்தக் கழுதைதான், அப்போது பெயர் தெரியாது. அண்ணன் ஜன்னல் சீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"ஸ்டேஷன் பேரு ஒண்ணொண்ணா சொல்லிக்கினே வா நைனா. பயம் நடுவுல எங்கனா எறங்கிப்பூடும்."

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர். நந்தியம்பாக்கம் வருவதற்குள் நிஜமாகவே இறங்கிப் போயிருந்தது.

குடியும் அவனுக்கு இருந்தது. இல்லை என்று சொல்லி அவனைச் சாமியாக்க எனக்கு விருப்பமில்லை. "ஒடம்பு அனலா கொதிக்குது, ஒரு குவார்ட்டர் வுட்டாத்தான் கண்ணு மூடுது" என்று ஆரம்பித்தான். மில்லில் பாதிப் பேருக்கு அதுதான் வலி மாத்திரை. பிறகு காலையில் நாஷ்டாவுக்கு முன்னாலேயே கை தேட ஆரம்பித்தது. குடித்துவிட்டு யாரையும் அடித்தவன் இல்லை. தானாகப் பேசுவான், சிரிப்பான், தூங்கிவிடுவான். அண்ணிக்குத்தான் அவனைக் கண்டாலே பேஜாராகிப் போனது.

3

முதல் அட்டாக் வந்த வாரமே எனக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்துவிட்டது. இங்கே குவார்ட்டர் அளவுக்கு ஒரு தட்டைப் பாட்டில் உண்டு, நாகின் என்று பெயர். சாயந்திரம் அதில் பாதியை இறக்கினால் நெஞ்சு அமைதியாகிவிடும். அடடா, மருந்து இதுதானே, இதை விட்டுவிட்டு டாக்டரைத் தேடுகிறேனே என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கண் விழிக்கும்போதே மார் படபடவென்று அடிக்கும். ராத்திரி அடக்கி வைத்தது காலையில் வட்டியோடு வரும். அதை அடக்கச் சாயந்திரம் இன்னும் கொஞ்சம். ஒரு வருஷம் போவதற்குள் முழு நாகினும் அதற்கு மேல் இரண்டு கேன் பீரும் என்று ஆகிவிட்டது.

என் மகள் யாழினிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் யாஸ். ழகரம் வராதவர்கள் வெட்டி எறிந்த மிச்சம் அது. அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கிறாள், யாழினி என்றால் இரண்டாம் தடவைதான் காது கேட்கிறது. பயம் வந்தால் சுற்றி இருக்கிற பொருட்களின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் சமையலறையில் அந்தப் படபடப்போடு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, லுக் அட் மீ. என்ன தெரியுதோ சொல்லு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். கும்மிடிப்பூண்டி. கவரைப்பேட்டை. பொன்னேரி.

மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவள் அம்மாவிடம் போய் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, பொன்னேரி யாரு? அப்பாவோட ஓல்ட் ஃப்ரெண்டா?"

விஜி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆமாடி, உங்கப்பா டெய்லி தேடிக்கினு போவாரு" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயந்திரம் யாழினியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னபோது அவள் சோபாவின் மறுகோடிக்குப் போனாள். "அப்பா, யூ ஸ்மெல் லைக் ஹேண்ட் சானிடைசர்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அவள் தூங்கப் போனதும் விஜி சிரிப்பை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

"லீவுக்கு ஊருக்குப் போறோம் இல்ல? முனீஸ்வரன் கோயில்ல கயிறு கட்டிக்கோங்க. குடிய ஒரேயடியா நிறுத்திடலாம்."

"கயிறா?" என்றேன். என் இரண்டாவது ஹார்ட் அட்டாக் அப்போதுதான் வந்தது.

4

எங்கள் பக்கம் குடியை விடுவதற்குக் கயிறு கட்டுவார்கள். ஊர் எல்லையில் இருக்கிற முனீஸ்வரன் முன்னால் நின்று, இத்தனை காலத்துக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அவரவர் தைரியத்தைப் பொறுத்தது. பூசாரி வலது கை மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டுவார். கெடு முடிந்ததும் அதே இடத்துக்குப் போய்த் தேங்காய் உடைத்துக் கயிற்றை அவிழ்க்க வேண்டும். கயிறு இருக்கிற கைக்கு எந்தக் குடிகாரனும் கிளாஸ் நீட்டமாட்டான். அந்த மரியாதை உண்டு. கயிற்றோடு குடித்தால் முனி அடித்துவிடுவார் என்பது ஊருக்கே தெரியும்.

அண்ணன் மகள் பெரியவளானாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற சடங்குக்கு நாள் குறித்தார்கள். "அன்னிக்கு நீ தள்ளாடிக்கினு வந்தியானா, நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்" என்று அண்ணி சொன்னார். மறுநாளே அண்ணன் தலைக்குக் குளித்துவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டான். காட்டுப்பள்ளியில் இருந்த எனக்குப் போன் செய்து, "நைனா, உங்கண்ணன் இன்னிலேருந்து தங்கம்டா" என்றான். அவன் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

அடுத்த நாள் அவனுக்குக் கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, மோர் சட்டையெல்லாம் சிந்தியது. வேர்த்துக் கொட்டியது. அதற்கு அடுத்த நாள் "செவுத்துல எறும்பு ஊருதுடி, தொடச்சி வுடு, தொடச்சி வுடு" என்று அண்ணியைக் கெஞ்சினான். சுவரில் எறும்பே இல்லை. மத்தியானம் வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ ஒருவர் சொன்னார், "கயித்தோட குட்ச்சிக்கீறான்பா. முனி அட்ச்சிட்டாரு." அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குப் பதிலாகக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் முனி முன்னால் கிடத்தினார்கள். விபூதி போட்டார்கள், தப்பை மன்னிக்கச் சொல்லிச் சேவல் அறுத்தார்கள். அங்கே இன்னொரு வலிப்பு வந்தது. அப்புறம்தான் ஆட்டோ.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "குடியால வந்ததுதான்மா" என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். பார்த்தியா, டாக்டரே சொல்லிட்டாரு, திருட்டுத்தனமாக் குட்ச்சிக்கீறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அண்ணன் போட்டோவை அண்ணி மாட்டவே இல்லை. சாமி முன்னால் சொன்ன வாக்கையே காப்பாற்றாதவனுக்குப் பூ எதற்கு என்று கேட்டுவிட்டுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட "கயித்த மீறிச் செத்தவன் பொண்ணு" என்று ஒரு பேச்சு வந்தது. அண்ணி ஊரைவிட்டு வேப்பம்பட்டுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இவ்வளவையும் பார்த்தவனுக்குக் கயிறு என்றால் மூச்சு நிற்காதா?

5

ஒரு வழியாக ஒரு டாக்டரம்மா என்னைச் சேர்த்துக்கொண்டார். நரைத்த தலை, நிதானமான பேச்சு. "டு யூ டேக் எ டிரிங்க் அட் ஆல்?" என்று கேட்டார். எனக்கு ஏதோ குடிக்கக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்து, "நோ தேங்க்ஸ் டாக்டர், இப்பத்தான் டீ குடிச்சேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் விளக்கிக் கேட்டார். பக்கத்தில் இருந்த விஜி முழங்கையால் இடித்தாள். நிஜத்தைச் சொன்னேன்.

எந்த நேரத்தில் குடிக்கிறேன், எந்த நேரத்தில் நெஞ்சு அடிக்கிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். குடி இறங்குகிற நேரத்தில்தான் உங்கள் பயம் ஏறுகிறது, நீங்கள் மருந்து என்று நினைத்ததுதான் நோய்க்குத் தீனி போடுகிறது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சரி டாக்டர். நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன்."

"ஐயோ, அப்படிச் செய்துவிடாதீர்கள்" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குடிக்காதே என்று சொல்ல வேண்டிய டாக்டர் இப்படிச் சொல்கிறாரே. அவர் சொன்னார்: தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. முதலில் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பூச்சி ஊர்வது மாதிரி. வலிப்பு வரும். உயிரே போகலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், மாத்திரையோடு, என் கண் முன்னால்.

பூச்சி ஊர்வது மாதிரி.

எனக்கு அந்த அறை சுற்றியது. அண்ணன் சுவரைக் காட்டிக் கெஞ்சுவது தெரிந்தது. அண்ணன் குடித்ததால் வலிப்பு வரவில்லை. குடிக்காததால் வந்தது. நடுங்க நடுங்க, எறும்பைப் பார்த்துப் பயந்து பயந்து, கடைக்கு ஓடாமல் வீட்டிலேயே கிடந்திருக்கிறான் என் அண்ணன். ஒரு மடக்கு குடித்திருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ. குடிக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், நானும் அதை நம்பினேன்.

மூன்றாவது ஹார்ட் அட்டாக் அங்கேயே, டாக்டரம்மா முன்னாலேயே வந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடச் சொன்னார். நான் ஸ்டேஷன் பெயரைச் சொன்னேன். அன்றைக்கு மீஞ்சூர் தாண்டியும் பயம் இறங்கவில்லை. அது பயமும் இல்லை. இவ்வளவு பெரிய மனுஷன் நான், டாக்டர் ரூமில் உட்கார்ந்து அண்ணா, அண்ணா என்று வாய்விட்டு அழுதேன்.

6

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் கோபத்தில் ஒரு மாதிரி காலத்தை ஓட்டிவிட்டார். அதைப் பிடுங்கிக்கொண்டால் கையில் என்ன மிஞ்சும்? விஜிதான் திட்டினாள். "செத்தவருக்குப் பேசறதுக்கு வாய் இல்ல. உங்களுக்கு இருக்கு இல்ல?"

குறைத்துக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. அண்ணன் நினைவு நாள் வந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேப்பம்பட்டுக்குப் போன் செய்தேன். அங்கே சாயந்திரம். பேரன் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி, அண்ணன் அன்னிக்குக் குடிக்கல."

"ஆரம்பிச்சிட்டியா? இன்னாத்துக்குடா இன்னிக்கு அந்தப் பேச்சு?"

"நான் சொல்றத முழுசா கேளுங்க அண்ணி." டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நடுக்கம், வேர்வை, எறும்பு, வலிப்பு. டிவி சத்தம் நின்றது. அண்ணிதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஏன் தம்பி," என்றார். "அன்னிக்கு நான் வாய ஊதச் சொன்னேன்."

"இன்னா அண்ணி?"

"எறும்பு எறும்புன்னாரு இல்ல, அப்போ. குட்ச்சிட்டு வந்துதான ஒளற்றன்னு கேட்டேன். இல்லடி, சத்தியமா இல்லடின்னாரு. அப்டின்னா வாய ஊதுன்னேன். கொழந்த மாதிரி ஊதுனாரு." அண்ணியின் குரல் உடைந்தது. "மோரு வாசனதான்டா வந்துச்சி. நான் குடுத்த மோரு."

"அப்பறம் ஏன் அண்ணி நம்பல?"

"ஊரே சொல்லுது. பூசாரி சொல்றாரு. டாக்டரும் குடியாலன்னுட்டாரு. என் மூக்கு ஒண்ணுதான் இல்லன்னுச்சி. எம் மூக்க நானே நம்பலடா தம்பி."

அண்ணி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்.

"நீ கயிறு கட்டிக்கப் போறன்னு விஜி சொல்லிச்சி?"

"ஆமா அண்ணி, அப்படி ஒரு பேச்சு..."

"நீ கட்டாத. அந்த டாக்டரம்மா சொல்றாப்ல கொஞ்சம் கொஞ்சமா வுடு. இன்னொருத்தன என்னால தூக்க முடியாது."

7

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அண்ணியின் வீடியோ கால் வந்தது. இங்கே இன்னும் மழை இருட்டு, அங்கே நல்ல வெயில். போனை அண்ணன் மகள் பிடித்திருந்தாள். முனீஸ்வரன் கோயில். வேப்பம்பட்டிலிருந்து மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயில் மாறிக் கும்மிடிப்பூண்டி வந்து, இத்தனை வருஷம் மிதிக்காத அந்த வாசலில் அண்ணி நின்றிருந்தார். இடுப்பில் கூடை. கூடையில் தேங்காய், பூ, பீரோவில் பூட்டி வைத்திருந்த அண்ணன் போட்டோ. கண்ணாடியைத் துடைத்திருந்தார். அண்ணன் தெலுங்குப் படம் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

விஜியும் யாழினியும் எழுந்து வந்து என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். யாழினி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஹூ இஸ் தட்?" என்றாள்.

"உங்க பெரியப்பா. பொன்னேரி ஸ்டேஷன எனக்குச் சொல்லிக் குடுத்தவரு."

பழைய பூசாரி இப்போது இல்லை. அவர் மகன்தான். சின்ன வயசு, அவனுக்கு எதுவும் தெரியாது. "இன்னாம்மா, அர்ச்சனையா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"கயிறு அவுக்க வந்துக்கீறேன்."

"கட்டுனவரு எங்கம்மா? அவரு வரணுமே."

அண்ணி போட்டோவை எடுத்து முனி பாதத்தில் சாய்த்து வைத்தார்.

"அவரு செத்துட்டாருப்பா. குடிக்காமதான் செத்தாரு. ஒட தேங்காய."